பார்த்தாயிற்று

கார்டினரில் காலை ஐந்தேகால்.
மோட்டல் வாசலில் மூச்சு விட்டால்
மூச்சு தனியே நிற்கிறது,
யாருக்கோ காத்திருப்பதுபோல.

வேனில் பதினொரு பேர்.
பன்னிரண்டாவது இருக்கையில்,
பணம் கட்டிவிட்டு வராமல்போன இளம்பரிதியின் இடத்தில்,
என் கைப்பை, இரண்டு ஆரஞ்சு, ஒரு டப்பா எலுமிச்சை சோறு.
சர்வர் விழுந்துடுச்சு, நீ போயிட்டு வா என்றான்.
விழுந்ததை எழுப்ப ஓர் ஆள் வேண்டும்தான்.
பணம் திரும்பக் கிடைக்காது என்று
ரசீதில் தடித்த எழுத்தில் இருந்தது.
அதனால் வந்தேன்.

வழிகாட்டி மார்லிஸ்.
இந்தப் பள்ளத்தாக்கில் அவளுக்கு இது இருபத்தாறாவது குளிர்காலம்.
கதவைத் திறக்கும்போதெல்லாம் எங்களை எண்ணுகிறாள்,
விரலால் அல்ல, முகவாயால்.
ஓநாய்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்;
பெயர் வைத்தால் அழவேண்டி வரும் என்றாள்.
சொல்லிவிட்டு ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டினாள்.

லாமர் பள்ளத்தாக்கில் முக்காலிகள் முளைத்தன.
ஒன்றரை மைல் தள்ளி, சரிவில்,
நேற்றுச் செத்த எல்க் மான்.
மூன்று மரம் தெரிகிறதா,
நடு மரத்துக்கு இடப்பக்கம், அந்தப் பாறைக்குக் கீழே.
தெரிகிறது தெரிகிறது என்றது வரிசை.
ஒஹையோ தம்பதி பார்த்தார்கள்; டெலோரஸ் அழுதேவிட்டாள்.
கொரியப் பையன் பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு.
ஒன்பது வயதுச் சிறுமி நான்கு என்றாள்,
இல்லை ஐந்து, ஒன்று கறுப்பு.

என் முறை.
தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன்.
என் இமைமயிர் தெரிந்தது.
பிறகு வெள்ளை.
பிறகு வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன்.
பின்னால் நிற்பவர்கள் குளிரில் கால் மாற்றும் சத்தம்.
தெரிகிறதா?
அழகு, என்றேன்.
தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவள்
தூணின்மேலேயே அட்சதையை எறிவாளே, அப்படி.

மறுபடி ஒரு சுற்று. மறுபடி அழகு.
மூன்றாம் சுற்றில், வாலை ஆட்டியதா என்று ராய்ஸ் கேட்டார்.
லேசாக, என்றேன்.
பொய்க்கு வால் முளைப்பதை அன்றுதான் கண்டேன்.
மார்லிஸ் அட்டையில் குறித்துக்கொண்டாள்:
பார்த்தவர்கள், பதினொன்று.

வெட்கமாக இருந்தது.
கையுறை எடுக்கப்போகிறவள்போல வேன் பக்கம் திரும்பினேன்.

எல்லோர் முதுகுக்கும் பின்னால்
நடுச்சாலையில்
அவசரம் ஏதுமில்லாமல் வந்துகொண்டிருந்தது அது.
நாய் இல்லை. ஓநாய் அளவும் இல்லை.
கயோட்டி என்று பிற்பாடு கையேட்டில் பார்த்துக்கொண்டேன்;
அப்போது வாயில் வந்த சொல் நரி.
காதோரம் பனி.
ஒரு முன்னங்காலை ஊன்றாமல் நடை.
மஞ்சள் கோட்டை மோந்தது. நின்றது.
குனிந்திருந்த பதினொரு பின்புறங்களையும்
இடமிருந்து வலமாகப் பார்த்தது,
மார்லிஸைப்போல முகவாயால் எண்ணி.
பன்னிரண்டாவதாக என் முகம்.

கூப்பிட்டிருக்கலாம்.
அங்க பாருங்க என்பதுதான் நாக்கு நுனியில் நின்றது,
அதை ஆங்கிலமாக்குவதற்குள்
சாலையைக் கடந்து புதருக்குள் போய்விட்டது.
இல்லை, இதுவும் பொய்.
நேரம் இருந்தது.
சொல்ல மனம் வரவில்லை.

நரி முகத்தில் முழித்தாயா என்று கேட்பார்கள்,
சீட்டு விழுந்தவனை,
கூட்டப் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தவளை.
பகல் பதினொன்றரைக்கு முழித்தால் செல்லுமா, தெரியாது.
எனக்குக் கிடைத்தது
திரும்பும்போது ஹீட்டர் பக்கத்து இருக்கையும்
உறையாமல் மிஞ்சிய அரை டப்பா சோறும்.
அதையும் டெலோரஸ் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள்,
கறிவேப்பிலையைக்கூட விடாமல்.

கார்டினர் நெருங்கவும் சிக்னல் வந்தது.
இளம்பரிதி ஆறு முறை கேட்டிருந்தான்:
பார்த்தியா?
ம்.
எப்படி இருந்துச்சு?
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஒரு கால் நொண்டி என்று அடித்தேன்.
அழித்தேன்.
அழகு, என்று அனுப்பினேன்.